வெயிற்காப்புக் கிறீம் முருகைக்கல்லைக் கொல்கின்றதா?

கடலிற் குளிக்க வரும் உல்லாசப் பயணிகள் உடம்பிற் பூசிக்கொள்ளும் வெயிற்காப்புக் கிறீம், நீருக்கடியில் வாழும் முருகைக்கல்லை அழிக்கின்றதா என்ற கேள்வி கடந்த சில ஆண்டுகளாக உலகின் பல பாகங்களிலும் எழுப்பப்பட்டு வருகின்றது. சில நாடுகள் அத்தகைய கிறீம்கள் சிலவற்றைச் சட்டத்தினால் தடைசெய்தும் உள்ளன. வயலையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்து, கிணறும் நிலமும் பற்றிய கவலையோடு வாழும் நமக்கு இக்கேள்வியால் என்ன பயன் என்று சிலர் எண்ணக்கூடும்.

இரண்டு காரணங்களுக்காக இதனை இங்கே எடுத்துக்கொள்கின்றோம். முதலாவது, நம்மிற் பலர் இன்று கரையோரங்களில் வாழ்கின்றோம். கரைக்குக் காவலாக நிற்பது முருகைக்கல். இரண்டாவது, ஓர் இரசாயனப் பொருள் நஞ்சா இல்லையா என்பதை எவ்வாறு தீர்மானிப்பது என்பதற்கு இது நல்லதோர் உதாரணம். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடத்தில், எதன்மேல் என்ற நான்கு கேள்விகளையும் கேட்டாலன்றி விடை கிடையாது. நமது கிருமிநாசினிப் போத்தலைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.

முருகைக்கல் ஓர் உயிர்

முருகைக்கல் வெறும் கல் அன்று. கண்ணுக்கு மிகச் சிறியனவாய்த் தோன்றும் எண்ணற்ற உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்ட இக்கூடுகளே கடற்றொழிலாளர் ‘பார்’ என்று சொல்லும் பெருந்திட்டுக்களாக வளர்கின்றன. கடலடியின் மிகச் சிறிய பகுதியையே இவை மூடியுள்ளன. ஆயினும் கடலில் வாழும் இனங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, தம் வாழ்வின் ஏதோவொரு கட்டத்தில் இவற்றைச் சார்ந்து வாழ்கின்றன.

முருகை உயிரியின் உடலுக்குள்ளே அல்கா எனப்படும் நுண்ணிய தாவரங்கள் குடியிருக்கின்றன. உயிரி அவற்றுக்கு இடம் கொடுக்கின்றது. அவை சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதிற் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்குக் கொடுக்கின்றன. முருகைக்கல்லின் அழகிய நிறமும் பெரும்பாலும் இக்குடியிருப்பாளர்களால் வருவதே. கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடாகினாலோ வேறு துன்பம் நேர்ந்தாலோ உயிரி இந்த அல்காக்களை வெளியேற்றிவிடும். அப்போது நிறம் போய் வெள்ளை எலும்பு போலத் தோன்றும். இதனையே ‘வெளிறுதல்’ என்கின்றோம். வெளிறிய முருகை உடனே இறந்துவிடுவதில்லை, ஆனால் பட்டினி கிடக்கின்றது. துன்பம் விரைவில் நீங்கினால் அல்காக்கள் திரும்பும். நீடித்தால் உயிர் போகும்.

இச்சுவரின் பெறுமதியை நமது நாடு 2004 டிசெம்பர் 26 இல் கண்டது. ஆழிப்பேரலையின் பின்னர் தென்மேற்குக் கரையை அளந்த ஆய்வாளர்கள், முருகைப்பார் ஓரளவு காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றர் உயரமாக வந்து ஏறத்தாழ 50 மீற்றர் தூரமே உட்புகுந்ததாகவும், அதற்குச் சில கிலோமீற்றர் தொலைவில், சுண்ணாம்புக்காக நெடுங்காலம் முருகைக்கல் அகழப்பட்டிருந்த பெரலியவில் அலை 10 மீற்றர் உயரமாக எழுந்து ஒன்றரைக் கிலோமீற்றர் வரை உட்சென்றதாகவும் பதிவு செய்தனர். பயணிகள் நிறைந்த புகையிரதத்தை அலை அடித்துச் சென்றது அந்தப் பெரலியவிலேயே. கடலடியின் வடிவமும் இதிற் பங்கு கொண்டிருக்கும். எனினும் சுவர் உடைந்த இடத்தால் வெள்ளம் வரும் என்பது வரம்பு கட்டிப் பழகிய நமக்குப் புதிய செய்தி அன்று.

கிறீமில் இருப்பது என்ன?

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர்கள் உள்ளன. வெள்ளைத் தோல் உடையோருக்கு இவை விரைவில் தோலை எரித்துப் புண்ணாக்குவதுடன், நீண்டகாலத்தில் தோற் புற்றுநோயையும் உண்டாக்கும். எனவே கிறீம் அவர்களுக்கு வெறும் அலங்காரப் பொருள் அன்று.

கிறீம்கள் இருவகையானவை. ஒருவகையில் கதிரை உறிஞ்சும் இரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன. இவற்றில் ஒட்சிபென்சோன், ஒக்ரினொக்சேற் ஆகிய இரண்டும் பெரிதும் பேசப்படுபவை. மற்ற வகையில் நாக ஒட்சைட்டு, தைத்தேனியம் ஈரொட்சைட்டு ஆகிய கனிப்பொருள்கள் மிக நுண்ணிய தூளாகக் கலக்கப்படுகின்றன. குளிக்கும்போது இவற்றில் ஒரு பங்கு நேரே கடலிற் கரைகின்றது. அறைக்குச் சென்று குளிப்பவரின் உடலிலிருந்து கழுவப்படுவதும், சிறுநீருடன் வெளியேறுவதும் கழிவுநீரோடு சேர்ந்து கடலுக்கே வருகின்றன.

சோதனைச்சாலையிற் கண்டவை

2008 ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வாளர் குழுவொன்று செங்கடல், அந்தமான் கடல், கரிபியன் கடல் முதலிய இடங்களிலிருந்து முருகைத் துண்டுகளை எடுத்து, கடல்நீருடன் சிறிதளவு கிறீமும் கலந்து பைகளில் வைத்துப் பார்த்தது. சில நாட்களுக்குள்ளேயே அவை வெளிறின. மறைந்திருந்த வைரசுக்கள் கிறீமினால் தூண்டப்பட்டுப் பெருகுவது இதற்குக் காரணமாகலாம் என அக்குழு கருதியது.

2015 இல் கிறெய்க் டவுன்ஸ் என்பவரும் அவரது அமெரிக்க, இஸ்ரேலிய சகாக்களும் வெளியிட்ட ஆய்வே உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அவர்கள் முருகையின் குடம்பிகளை, அதாவது இடம் தேடி நீந்தித் திரியும் குஞ்சுகளை, ஒட்சிபென்சோன் கலந்த நீரில் விட்டார்கள். குடம்பிகள் உருக்குலைந்து, நீந்த இயலாமற் போய், தம்மைத் தாமே சுண்ணாம்புக்குள் அடைத்துக்கொண்டன. வெளிச்சத்தில் 24 மணித்தியாலத்தில் பாதிக் குடம்பிகளைக் கொன்ற அளவு லீற்றருக்கு 139 மைக்கிரோகிராம். இருட்டிலோ அதற்கு 779 மைக்கிரோகிராம் தேவைப்பட்டது. வெயில் சேரும்போது அப்பொருள் கொடியதாகின்றது என்பது இதனால் வெளிப்பட்டது.

மைக்கிரோகிராம் என்பது கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இதனை நம் கணக்கிற் பார்ப்போம். ஓர் ஏக்கர் வயலில் 10 அங்குல உயரத்திற்கு நீர் கட்டினால் அது ஏறத்தாழ 10 இலட்சம் லீற்றர் ஆகும். அந்த வயல் முழுவதிலும் 1 கிராம் மருந்தைக் கரைத்தால் கிடைப்பதே லீற்றருக்கு 1 மைக்கிரோகிராம். குடம்பிகளிற் பாதியைக் கொன்றது அந்த வயலில் 139 கிராம் கரைத்த அளவு.

கடலில் அளந்தபோது

அப்படியானால் உண்மையான கடலில் எவ்வளவு உள்ளது? இதிலேதான் கருத்து வேறுபாடு தொடங்குகின்றது. டவுன்சின் குழு ஹவாய்த் தீவுகளில் எடுத்த நீரில் லீற்றருக்கு 0.8 முதல் 19.2 மைக்கிரோகிராம் வரை கண்டது. அமெரிக்க வேர்ஜின் தீவுகளிற் குளிப்போர் நிறைந்த ஒரு குடாவிலோ அதிகூடிய அளவு 1,395 மைக்கிரோகிராம். நமது வயற் கணக்கில் முன்னையது 20 கிராமுக்கும் குறைவு. பின்னையது ஏறத்தாழ 1.4 கிலோகிராம்.

பின்னர் வேறு குழுக்கள் பல இடங்களிலும் அளந்தபோது இவ்வளவு பெரிய தொகை மீண்டும் கிடைக்கவில்லை. பெரும்பாலான இடங்களில் 1 மைக்கிரோகிராமிலும் குறைவாகவே இருந்தது. அதாவது அந்த ஏக்கர் வயலில் ஒரு கிராமுக்கும் குறைவு. நீரோட்டம் உள்ள திறந்த கடலில் கிறீம் விரைவாகக் கலைந்து போகின்றது. ஆழமற்ற, அலை குறைந்த, நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் இறங்கும் குடாக்களிலேயே அது தேங்கக்கூடும். அங்கும் காலையில் ஓர் அளவும் நண்பகலில் இன்னோர் அளவுமாக இருக்கும்.

ஆகவே, சோதனைச்சாலையில் நஞ்சாக நின்ற பொருள் கடல் முழுவதிலும் அதே அளவில் நஞ்சாக நிற்கின்றது என்று சொல்ல முடியாது. அதற்காக, கடல் பெரியது, எதையும் தாங்கும் என்று சொல்வதும் தவறு. குடாவுக்குக் குடா கணக்கு வேறுபடும்.

2022 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இன்னொரு வாயிலைத் திறந்தது. முருகைக்கு நெருங்கிய உறவான கடற்சாமந்தி ஒட்சிபென்சோனை உள்வாங்கியதும் அதனுடன் ஒருவகைச் சீனியை இணைத்துவிடுகின்றது. கழிவை அகற்ற உடல் செய்யும் முயற்சி அது. ஆனால் அப்படி உருவாகும் புதிய பொருள் சூரிய ஒளி பட்டதும் உயிரியையே தாக்குகின்றது. உள்ளே குடியிருக்கும் அல்காக்கள் இந்த நஞ்சிற் பெரும்பகுதியைத் தமக்குள் ஏற்று வீட்டுக்காரனைக் காப்பாற்றுகின்றன. அல்காக்களை இழந்து வெளிறிய உயிரிகளுக்கு இந்தக் காவல் இல்லை. அவை விரைவில் இறந்தன. இந்த ஆய்விற் பயன்படுத்திய அளவு சாதாரணமாகக் கடலில் உள்ளதைவிட மிகக் கூடியது என்பதையும் மறக்கலாகாது. எனினும் அது சொல்லும் பாடம் முக்கியமானது. ஏற்கெனவே வெப்பத்தால் நொந்த முருகைக்கு, நல்ல நிலையில் உள்ள முருகை தாங்கும் நஞ்சைத் தாங்க முடியாது. பட்டினி கிடந்த பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சலும் ஆபத்தாவதைப் போன்றது இது.

பெரிய கொலையாளி யார்?

உலகின் முருகைக்கல்லைப் பெருமளவில் அழித்து வருவது கிறீம் அன்று, கடல்நீரின் சூடு. வழமையான கோடைகால உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடிய சூடு சில வாரங்கள் நீடித்தாலே வெளிறுதல் தொடங்கிவிடும். நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் வளிமண்டலத்தில் சேரும் காபனீரொட்சைட்டே கடல் சூடாவதற்குப் பெருங்காரணம். உலகளாவிய முதலாவது பெரும் வெளிறுதல் 1998 இல் நிகழ்ந்தது. நமது ஹிக்கடுவையும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பாரும் அப்போது கடுமையாகப் பாதிக்கப்பட்டன. நான்காவது 2023 இல் தொடங்கியது. 2023 சனவரி முதல் 2025 மார்ச் வரை உலக முருகைப்பரப்பின் 84 வீதம் வெளிறச் செய்யக்கூடிய சூட்டுக்கு உள்ளானது.

கிறீம்தான் முதற் காரணம் என்றால், குளிப்போர் இல்லாத இடங்களில் முருகை நலமாக இருக்க வேண்டும் அல்லவா? அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைத்தொடரில் 2016 ஆம் ஆண்டு மிக மோசமாக அழிந்தது உல்லாசப் பயணிகள் அதிகம் செல்லாத வடபகுதியே. அங்கு மிகவும் பாதிக்கப்பட்ட 700 கிலோமீற்றர் நீளத்தில், ஆழமற்ற நீரில் இருந்த முருகையில் 67 வீதம் சில மாதங்களுக்குள் இறந்தது.

இன்னும் தெளிவான சாட்சி நமது சமுத்திரத்திலேயே, மாலைதீவுக்குத் தெற்கே உள்ளது. சாகோஸ் தீவுகளில் வாழ்ந்த மக்கள் 1968 க்கும் 1973 க்கும் இடையில், டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைவதற்காகப் பிரித்தானிய அரசினால் வெளியேற்றப்பட்டு மொறீசியசிலும் சீசெல்சிலும் இறக்கிவிடப்பட்டனர். தென்னந்தோட்டங்களும் வீடுகளும் காடாயின. தளம் உள்ள தீவைத் தவிர ஏனையவற்றில் குடிமக்கள் இல்லை. குளிப்பாரும் கிறீம் பூசுவாரும் அங்கு இல்லை. ஆயினும் 1998 இல் அங்குள்ள முருகையிற் பெரும்பகுதி சூட்டினால் மடிந்தது.

அதன் பின் நடந்ததையும் கவனிக்க வேண்டும். அந்தப் பார்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளில் மீண்டும் தழைத்தன. கழிவுநீர், சேறு, இரசாயனம், அளவுக்கு மிஞ்சிய மீன்பிடி முதலிய வேறு துன்பங்கள் அங்கு மிகக் குறைவாக இருந்தது அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் மீண்டும் சூடு வந்தபோது அவை மறுபடியும் அடிவாங்கின.

இதிலிருந்து இரண்டு உண்மைகளைப் பெறலாம். வெப்பத்தைத் தடுக்காமல் கிறீமை மட்டும் தடுத்து முருகையைக் காப்பாற்ற முடியாது. அதேவேளை, வெப்பத்தால் விழுந்த முருகை எழுந்து நிற்க வேண்டுமானால் சுற்றியுள்ள நீர் தூய்மையாக இருக்க வேண்டும். சிறிய நஞ்சுகள் அங்கேதான் கணக்கில் வருகின்றன.

சட்டங்கள் வந்த விதம்

ஹவாய் மாநில ஆளுநர் 2018 யூலையில் ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். ஒட்சிபென்சோன் அல்லது ஒக்ரினொக்சேற் அடங்கிய வெயிற்காப்புக் கிறீமை மருத்துவரின் சீட்டின்றி விற்பது 2021 சனவரி 1 முதல் அங்கு தடை. பசிபிக்கின் சிறிய நாடான பலாவ் பத்து இரசாயனங்களைத் தடைசெய்தது. அது 2020 சனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்து 2021 இல் தனது கடல்சார் தேசியப் பூங்காக்களில் ஒட்சிபென்சோன் உட்பட நான்கு பொருள்கள் கொண்ட கிறீம்களைத் தடைசெய்தது.

ஆதாரம் முழுமையாவதற்கு முன் தடை செய்வது சரியா? மாற்றுப் பொருள் கடையில் உள்ளது. செலவு அதிகமில்லை. தடையினால் எவரும் பிழைப்பை இழப்பதில்லை. ஆனால் இறந்த முருகைப்பார் ஒன்று மீள வருவதற்கு ஆண்டுகள் பலவாகும். இவ்வாறு நிறுத்துப் பார்க்கும்போது, ஆழமற்ற குடாக்களில் அத்தகைய தடை நியாயமானதே என்பது நமது கருத்து. மறுபுறத்தில், கிறீமைத் தடைசெய்துவிட்டு ஹோட்டல்களின் கழிவுநீரைக் கடலுக்கு விடும் அரசு, எளிய குற்றவாளியைப் பிடித்துப் பெரியவனைத் தப்பவிடுகின்றது.

மனிதரின் நலத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2022 இல் வெளியிட்ட அறிக்கை, இந்தப் பொருள்களால் நீர்வாழ் உயிர்களுக்கு வரும் ஆபத்தை முறையாக மதிப்பிடும்படி அந்நாட்டின் சுற்றாடல் நிறுவனத்தைக் கேட்டது. பயத்தினால் மக்கள் கிறீம் பூசுவதையே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அது எடுத்துக்காட்டியது.

‘முருகைக்குப் பாதுகாப்பானது’ என்று அச்சிட்ட கிறீம்களும் சந்தைக்கு வந்துள்ளன. அமெரிக்காவில் இச்சொல்லுக்குச் சட்டபூர்வமான வரைவிலக்கணம் கிடையாது. எந்தக் கம்பனியும் அச்சிடலாம். கனிப்பொருட் கிறீம்கள் எல்லாம் தீங்கற்றவை என்றும் சொல்ல இயலாது. மேற்பூச்சு இல்லாத நாக ஒட்சைட்டின் நுண்தூள் முருகையை வெளிறச் செய்ததை 2018 இல் ஓர் ஆய்வு கண்டது. போத்தலின் முன்பக்கத்தை நம்பாமல் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்று பார்க்கும் பழக்கம் கிறீமுக்கும் களைநாசினிக்கும் ஒன்றுபோல் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

நீண்ட கைச் சட்டையும் தொப்பியும் தலைத்துண்டும் எந்தக் கிறீமிலும் குறைந்தவை அல்ல. அவை கடலிற் கரைவதில்லை. நண்பகல் வெயிலைத் தவிர்ப்பதும் அவ்வாறே. பிறவியிலேயே தோலில் நிறமற்றவர்கள், வைத்தியர் கிறீம் பூசச் சொன்னவர்கள் ஆகியோர் அதைத் தயங்காமற் பூச வேண்டும். ஒரு சிலர் பூசுவதால் கடல் கெட்டுவிடாது.

திருகோணமலையின் புறாத்தீவு போன்ற இடங்களில் படகோட்டவும் வழிகாட்டவும் செல்லும் நமது இளைஞர்கள், பயணிகள் முருகையின்மேல் ஏறி நிற்பதையும் படகின் நங்கூரம் அதன்மேல் விழுவதையும் தடுக்க வேண்டும். ஒரு காலடி நொறுக்குவதற்கு அளவீட்டுக் கருவி தேவையில்லை. வீடு கட்ட முருகைச் சுண்ணாம்பு வாங்குவதையும் விட வேண்டும். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது 1988 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது.

கமக்காரராகிய நமக்கு மேலும் ஒரு பொறுப்பு உண்டு. அவுஸ்திரேலியாவின் முருகைத்தொடருக்கு வெப்பத்துக்கு அடுத்த பெருந்துன்பங்களில் ஒன்று, கரும்புத் தோட்டங்களிலிருந்தும் மேய்ச்சல் நிலங்களிலிருந்தும் ஆறுகள் கொண்டுவரும் சேறும் பசளையும் களைநாசினியுமே. நமது வாய்க்காலும் குளமும் ஆறும் ஈற்றிற் கடலிலேயே முடிகின்றன. ஆகவே நிலத்துக்குத் திரும்பியவர்களும் திரும்பக் காத்திருப்பவர்களும் பின்வருவனவற்றை மனத்திற் கொள்வது நன்று:

1. யூரியாவை ஒரே தடவையிற் கொட்டாமல் பிரித்து இட வேண்டும். பெருமழைக்கு முன் இடக்கூடாது.

2. மருந்து தெளித்த கருவியை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கழுவக்கூடாது. கழுவிய நீரைப் பயிர் நின்ற நிலத்திலேயே தெளித்துவிட வேண்டும்.

3. ஆற்றங்கரையிலும் வாய்க்காற் கரையிலும் புல்லையும் மரத்தையும் அழியாமல் விட வேண்டும். மண்ணைப் பிடித்து வைப்பவை அவையே.

4. லேபிளிற் சொன்ன அளவுக்கு மேல் ஒரு மூடியும் கூட்டக்கூடாது.

இவற்றால் முதலில் நன்மை பெறுவது நமது கிணறு. கடல் அதற்குப் பின்னரே.

கிராமக் கூட்டங்களிற் கலந்துரையாடுவதற்கு

அ. நாம் பயன்படுத்தும் மருந்துகளில் எவற்றின் பெயரும் அளவும் நமக்குத் தெரியும்? எவற்றைக் கடைக்காரர் சொன்னபடி மட்டும் பயன்படுத்துகின்றோம்?

ஆ. இப்போது நாம் வாழும் இடத்திலிருந்து மழைநீர் எந்த வழியாகக் கடலை அடைகின்றது? அவ்வழியில் அதனோடு என்னென்ன சேர்கின்றன?

இ. நமது கரையில் முன்னர் முருகைப்பார் இருந்த இடங்களை முதியவர்கள் காட்டுவார்களா? அங்கு இன்று என்ன உள்ளது?